நீறு பூத்த நெருப்பு: அரிசோனாவின் வாலோ காட்டுத்தீ – ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மே 29, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் மெமோரியல் டே விடுமுறைக்காக மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்த வார இறுதி. அரிசோனா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ் தேசியக் காடு இருக்கிறது. அதற்குள் பேர் வாலோ என்ற வனப்பகுதியில் இரண்டு இளைஞர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். ஒன்றுவிட்ட சகோதரர்கள், காட்டில் தங்கிப் பழக்கப்பட்டவர்கள். கேம்ப்ஃபயரைக் கற்களால் வட்டம் கட்டி அதற்குள்தான் மூட்டியிருந்தார்கள். மலைநடை கிளம்பும்போது தீ அணைந்துவிட்டது என்றே நம்பினார்கள். நம்பியதற்கு ஒரு காரணமும் இருந்தது. கிளம்புவதற்குச் சற்று முன் ஒருவர் மிட்டாய்த் தாள் ஒன்றைத் தீக்குழிக்குள் போட்டிருக்கிறார். அது உருகியதோடு சரி. விசாரணையில் அவர்கள் சொன்னது இதுதான்.

அவர்கள் திரும்பி வந்தபோது எதிரே புகை எழுந்திருந்தது. கூடாரத்தை நெருங்க முடியவில்லை.

அந்தப் புகைதான் வாலோ காட்டுத்தீ. 5,38,049 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,177 சதுர கிலோமீட்டர் காட்டை அது தின்றது. நம்மூர்க் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடப் பெரிது, நீலகிரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிது. அரிசோனாவின் வரலாற்றில் அதுவரை பெரியதாக இருந்தது 2002இல் எரிந்த ரோடியோ-செடிஸ்கி தீ, 4,68,638 ஏக்கர். வாலோ அதையும் தாண்டியது.

நான் அரிசோனாவுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது. ஃபீனிக்ஸைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் கோடை என்றாலே கிழக்கே இருக்கும் மலைக்காடுகள்தான். கீழே 45 டிகிரி கொதிக்கும்போது மேலே போர்வை தேவைப்படும். கூடாரம், இட்லிப் பாத்திரம், சீட்டுக்கட்டு, பிள்ளைகள், ராத்திரி கேம்ப்ஃபயர். இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது, விடவும் மாட்டேன். அதனால்தான் வாலோவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்த இருவரும் குடித்துவிட்டுக் கூத்தடித்தவர்களோ வேண்டுமென்றே வைத்தவர்களோ அல்ல. நம்மைப் போன்றவர்கள். அவர்கள் செய்த தவறு நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய தவறு.

நடந்தது

மே மாதக் கடைசியும் ஜூனும் அரிசோனா மலைகளில் மிக ஆபத்தான காலம். குளிர்காலப் பனி உருகி ஓடிவிடும். மான்சூன் என்று இங்கேயும் அழைக்கப்படும் கோடை மழை ஜூலை முதல் வாரத்தை ஒட்டித்தான் வரும். இடைப்பட்ட வாரங்களில் வானம் வறண்டிருக்கும், தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். பொண்டரோசா பைன் மரங்களின் கீழே ஊசி ஊசியாக உதிர்ந்த சருகு மெத்தைபோல் கிடக்கும். கையில் அள்ளி நெரித்தால் பொடிப்பொடியாகும். நம்மூரில் பங்குனி சித்திரையில் பனையோலை எப்படிக் காய்ந்திருக்குமோ அப்படி.

அந்தக் காற்றில் தீ வடகிழக்காக ஓடியது. சருகில் தொடங்கி, மரத்தின் அடிக்கிளைகளில் ஏறி, உச்சிக்குப் போனது. உச்சியிலிருந்து பறந்த தீப்பொறிகள் முன்னால் போய் விழுந்து புதுப்புதுத் தீயை மூட்டின. ஜூன் 8ஆம் தேதிக்குள், அதாவது பத்தே நாளில், எரிந்த பரப்பு 3 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஆல்பைன், நுட்ரியோசோ, கிரீயர், ஈகர், ஸ்பிரிங்கர்வில் என்று ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள். ஆயிரக்கணக்கானோர் வீட்டுப் பத்திரங்களையும் நாய் பூனைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். புகை எல்லை தாண்டி நியூ மெக்சிகோ மாநிலத்தை மூடியது. தீயும் எல்லை தாண்டியது. 32 வீடுகள் எரிந்தன. அதில் பெரும்பகுதி கிரீயர் என்ற ஒரே சிற்றூரில். ஜூலை 8ஆம் தேதிதான் தீ முழுவதுமாகக் கட்டுக்குள் வந்தது. உயிர்ப்பலி இல்லை என்பது பெரிய ஆறுதல். தீயணைப்புச் செலவு மட்டும் 7 கோடி டாலருக்கு மேல்.

மழை வந்த பிறகும் துன்பம் ஓயவில்லை. வேர்ப்பிடிப்பு போன சரிவுகளிலிருந்து சாம்பலும் மண்ணும் கறுப்புக் குழம்பாக ஓடைகளில் இறங்கின. அரிசோனாவின் மாநில மீனான அப்பாச்சி டிரௌட் வாழும் ஓடைகள் அந்தப் பக்கத்து ஓடைகள்தான்.

இருவரும் ஒளிந்துகொள்ளவில்லை, விசாரணைக்கு ஒத்துழைத்தார்கள். 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனை: இரண்டு நாள் சிறை, 200 மணி நேரச் சமூகப்பணி, சில வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, பிறகு 37 லட்சம் டாலர் இழப்பீடு. ஆயுள் முழுவதும் கட்டினாலும் தீராத தொகை.

அவர்கள் ஒப்புக்கொண்ட குற்றங்கள் எவை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்று, கேம்ப்ஃபயரை முழுவதுமாக அணைக்காமல் ஆளில்லாமல் விட்டுச் சென்றது. இன்னொன்று, தீக்குழியைச் சுற்றிக் கிடந்த எரியக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்தாதது. 5 லட்சம் ஏக்கர் எரிந்த வழக்கில் குற்றச்சாட்டு இவ்வளவுதான். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மண்வெட்டியும் செய்திருக்க வேண்டிய வேலை.

மிட்டாய்த் தாள் சொன்ன உண்மை

இந்த வழக்கில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த மிட்டாய்த் தாள்தான். அவர்கள் சோதிக்காமல் போகவில்லை. ஏதோ ஒரு சோதனை நடந்தது, அதற்கு விடையும் கிடைத்தது. விடையைத் தப்பாகப் படித்துவிட்டார்கள்.

இன்றைய மிட்டாய்த் தாள்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அது உருகுவதற்கு ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஆக, தாள் உருகியது என்றால் அந்தச் சாம்பலின் மேல்பரப்பே கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடாக இருந்தது என்று பொருள். பிளாஸ்டிக் தீப்பற்றி எரிய இன்னும் இருநூறு டிகிரி அளவுக்குக் கூடுதலாக வேண்டும். அதனால் சுவாலை வரவில்லை. சுவாலை இல்லாததைக் கண் பார்த்தது, அணைந்துவிட்டது என்று மனம் முடிவுகட்டிவிட்டது. தாளோ உள்ளே தணல் இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மேல்பரப்பு 160 என்றால் உள்ளே? நன்றாகக் கனன்றுகொண்டிருக்கும் கட்டைக்கங்கு 500 டிகிரிக்கு மேல் இருக்கும். அதன்மேல் படிந்த சாம்பல் ஒரு கம்பளிப் போர்வை. வெளிக்காற்று அதிகம் புகாமல் தடுப்பதால் கங்கு சீக்கிரம் எரிந்து தீராது, சூடும் வெளியேறாது. சுவாலையும் புகையும் தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். ஒரு பலத்த காற்று அந்தப் போர்வையை விலக்கினால் போதும். கங்குக்கு மூச்சு கிடைக்கும், பொறி பறக்கும். பறந்த பொறி விழுகிற இடம் வெறும் மண்ணாக இருந்தால் அங்கேயே செத்துப்போகும். பைன் சருகாக இருந்தால்?

இரண்டு குற்றங்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். அணைக்காத கங்கு ஒன்று, பெருக்காத தரை ஒன்று. இரண்டில் எது சரியாக இருந்திருந்தாலும் அந்த நாள் வேறாக முடிந்திருக்க வாய்ப்புண்டு.

இந்த அறிவியலை எனக்குப் புரியவைத்தது எந்த ஆவணமும் அல்ல, என் அத்தை. நெல்லைச் சீமையில் விறகடுப்போடு வாழ்ந்தவள். ஒரு ஜூன் மாதம் இங்கே வந்திருந்தபோது அவளை வுட்ஸ் கேனியன் ஏரிக்குக் கூட்டிப்போனோம். அதே அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ் காட்டின் மேற்கு முனையில், ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். முந்தின ராத்திரி இரும்பு வளையத்துக்குள் தீ மூட்டிக் குளிர்காய்ந்தோம். காலையில் பார்த்தால் வெள்ளைச் சாம்பல், புகை கொஞ்சமும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினேன்.

"ஏய்யா, தண்ணி ஊத்தினியா?" என்றாள் அத்தை.

"தானா அணைஞ்சிட்டு அத்தை. வெறும் சாம்பல்தான் கெடக்கு."

"சாம்பலுக்குள்ள என்ன கெடக்குன்னு பாத்தியா? கைய வச்சுப் பாத்தியா?"

குந்தி உட்கார்ந்து, புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள். "இன்னும் சுடுதுல்லா!" என்று சொல்லிக்கொண்டே ஒரு குச்சியை எடுத்துக் கிளறினாள். நாலு விரல்கடை ஆழத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மூன்று கங்குகள். காற்றுப் பட்டதும் மங்கிய சிவப்பு மெல்ல மெல்ல ஆரஞ்சாகப் பளிச்சிட்டது. எட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அவளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ராத்திரி சமையல் முடிந்ததும் அடுப்பில் மிச்சமிருக்கும் தணலை ஒன்றுகூட்டி, ஒரு வறட்டித் துண்டை வைத்து, சாம்பலால் மூடி வைப்பது அவள் வீட்டு வழக்கம். தீப்பெட்டிக் காசு மிச்சம். விடியற்காலையில் சாம்பலை விலக்கி, தேங்காய் நாரைக் கொஞ்சம் வைத்து, ஊதுகுழலில் இரண்டு ஊது ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவள் தினமும் கையால் செய்தவள்.

பேர் வாலோவில் நடந்ததை அவள் அடுப்பில் பொருத்திப் பாருங்கள். தணல் இருந்தது, மேலே சாம்பல் இருந்தது, தேங்காய் நாருக்குப் பதில் பைன் சருகு இருந்தது. ஊதுகுழலின் வேலையைத் தென்மேற்குக் காற்று செய்தது.

அணைப்பது எப்படி

அமெரிக்க வனத்துறை சொல்லும் முறை எளிமையானது: ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, தொட்டுப் பார். தொட முடியாத அளவுக்குச் சூடாக இருந்தால் விட்டுப்போக முடியாத அளவுக்குச் சூடு என்பது அவர்கள் ஊரெல்லாம் எழுதிவைத்திருக்கும் வாசகம். மனிதக் கை அருமையான வெப்பமானி. 45 டிகிரியைத் தாண்டினாலே தானாகப் பின்வாங்கும். மிட்டாய்த் தாள் 160இல்தான் வாய் திறக்கும்.

சொல்ல எளிது, செய்யும்போது பிழைகள் நுழையும். நான் பார்த்தவற்றில் முதலாவது, தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டுவது. குபீரென்று ஆவி கிளம்பி முகத்தைச் சுட்டுவிடும், சாம்பல் பறக்கும், தண்ணீரின் பாதி வளையத்துக்கு வெளியே ஓடிவிடும். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு நின்றுகொண்டு, செடிக்கு ஊற்றுவதுபோல் மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்ற வேண்டும். சீறல் சத்தம் நிற்கும்வரை ஊற்ற வேண்டும்.

இரண்டாவது பிழை, கிளறாமல் விடுவது. மேலே ஊற்றிய தண்ணீர் சாம்பலை ஒரு மேலோடாக இறுக்கிவிடும். அடியில் இருக்கும் கங்குக்குத் தண்ணீர் போய்ச் சேராது. மண்வெட்டியால் அடிவரை புரட்ட வேண்டும். பாதி எரிந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கரிந்த பக்கத்தைச் சுரண்டி, தண்ணீரில் நனைக்க வேண்டும். கல் வட்டமாக இருந்தால் உள்பக்கக் கற்களைப் புரட்டி அடியில் பார்க்க வேண்டும். கல்லுக்கடியில் சருகு மாட்டிக்கொண்டு கனிவதுண்டு. மரவேர் ஓடினால் வேர் வழியாகவே தீ நகர்வதும் உண்டு. கடைசியில் குழி முழுக்கச் சாம்பல் சேறாக இருக்க வேண்டும், நாற்று நடும் வயல் போல.

மூன்றாவதுதான் மிகவும் பரவலானது, நானே ஒரு காலத்தில் சரியென்று நம்பியது: மண்ணைப் போட்டு மூடுவது. இது அணைப்பதே அல்ல, அத்தை செய்ததைப்போல் அடைகாப்பது. மண்ணுக்கடியில் கங்கு மறுநாள்வரை சூடாக இருக்கும். மண் பார்வைக்குச் சாதாரணமாக இருப்பதால் அடுத்து வருகிற குழந்தை வெறுங்காலோடு அதன்மேல் நடக்கும். கடற்கரையில் மணல் போட்டு மூடிய தீக்குழிகளில் குழந்தைகளின் உள்ளங்கால் வெந்துபோகும் கொடுமை பல நாடுகளில் நடக்கிறது. தண்ணீரே இல்லாத இடத்தில் ஈர மண்ணைக் கங்கோடு கலந்து கலந்து ஆறவைக்கலாம், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், அதுவும் மூடுவதற்கல்ல, கலப்பதற்கு. தண்ணீர் கொண்டுபோக முடியாத இடத்துக்குப் போகிறோம் என்றால் அங்கே தீ மூட்டாமல் இருப்பதே சரி என்பேன்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகும். ஊருக்குத் திரும்ப அவசரப்படும் காலையில் அந்த அரை மணியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கூடாரத்தைப் பிரிக்கும் முன்பே முதல் வாளியை ஊற்றிவிடுங்கள். பாத்திரம் கழுவி, பைகளைக் கட்டி, வண்டியில் ஏற்றிய பிறகு வந்து இரண்டாம் முறை கிளறினால் ஒளிந்திருக்கும் கங்கு அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

கேம்ப்ஃபயர் சாமான் என்று கடைகளில் விற்பது ஏராளம். மார்ஷ்மெல்லோ குத்தும் நீளக் கம்பி, இரும்புச் சட்டி தொங்கவிட முக்காலி, தீயை நிறம் மாற்றும் பொடி. வேண்டியவர்கள் வாங்கட்டும். எனக்கு இரண்டே பொருள் கட்டாயம்: வாளியும் மண்வெட்டியும். தீக்குச்சியை உரசும் முன் வாளி நிறைந்து பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் 20 லிட்டர் கேன் ஒன்று தீக்கென்றே தனியாக வரும். குடிக்கிற தண்ணீரோடு அதைச் சேர்க்க மாட்டோம், சேர்த்தால் காலையில் காபிக்குப் போய்விடும். மண்வெட்டி கொஞ்சம் நீளப் பிடியோடு இருக்கட்டும். தோட்டத்துக் கரண்டியால் கங்கைப் புரட்டினால் முகம் தீக்குள்ளேயே இருக்கும்.

பிறகு தோல் கையுறை; நைலான் கையுறை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நீள இடுக்கி ஒன்று, உருண்டு விழும் கட்டையை எடுத்துப் போட. கைக்கோடாரி கொண்டுவருபவர்கள் உறையோடு கொண்டுவாருங்கள், பிள்ளைகள் விளையாடும் வட்டத்துக்கு வெளியே விறகைப் பிளந்துகொள்ளுங்கள்.

தீத்தட்டு என்று ஒன்று உண்டு. விளிம்பு உயர்ந்த இரும்புத் தட்டு, கீழே கால்கள். தரையில் படாமல் தீயை அதற்குள்ளேயே வைத்து, சாம்பலையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம். கிராண்ட் கேனியனில் கொலராடோ ஆற்றில் படகில் இறங்குபவர்களுக்கு இது கட்டாயம். ஆற்றங்கரை மணல்திட்டுகள் கரிக்காடாக மாறாமல் இருப்பதற்கு இந்த விதி ஒரு காரணம். தட்டு இல்லாதவர்கள் தரையில் ஒரு பழைய துணியை விரித்து, அதன்மேல் சருகு வேர் கலக்காத மண்ணை மூன்று முதல் ஐந்து அங்குலத்துக்கு மேடாக்கி, அந்த மேட்டின்மேல் சிறு தீ மூட்டுவதும் உண்டு. முடிந்ததும் ஆறிய மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டால் தடயம் இருக்காது.

தரையைப் பெருக்குவது இரண்டாவது குற்றச்சாட்டுக்கான பரிகாரம். ஏற்கெனவே வளையம் இருக்கும் இடத்திலேயே மூட்டுங்கள். சுற்றிலும் 10 அடி அகலத்துக்கு வெறும் மண் தெரியும்வரை சருகை வாருங்கள். தலைக்கு மேலும் பாருங்கள்; தாழ்ந்த கிளை இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கூடாரமும் புதரும் குறைந்தது 15 அடி தள்ளி. ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கற்களை வட்டத்துக்கு வைக்காதீர்கள், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

தீயைச் சின்னதாக வையுங்கள் என்பதற்கு நான் சொல்லும் காரணம் ஒன்றுதான்: சின்னத் தீயைத்தான் அணைக்க முடியும். மணிக்கட்டு அளவுக்கு மேல் தடிமனான கட்டை வேண்டாம். தடிக்கட்டையின் வயிற்றில்தான் கங்கு தங்கும். படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிட்டால் எல்லாம் எரிந்து சாம்பலாக இறங்கும், தண்ணீரும் குறைவாகவே செலவாகும்.

அக்கம்பக்கம்

விறகை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய மரம் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். பட்டைக்கடியில் பூச்சி இருக்கலாம். 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு ஒன்று, பெரும்பாலும் விறகோடு பயணம் செய்தே மாநிலம் மாநிலமாகப் பரவிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள், மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். நிற்கிற மரம், பட்டுப்போனதாகவே இருந்தாலும், பறவைக்கு வீடு. கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்குவதற்கு அனுமதி இருந்தால் அதை மட்டும் எடுங்கள்.

தீக்குழி குப்பைத்தொட்டி அல்ல. அலுமினியத் தாள், சிப்ஸ் பை, பால் கவர், மிட்டாய்த் தாள் எதுவும் அதில் போகக்கூடாது. பிளாஸ்டிக் புகையை நம் பிள்ளைகளும் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளும்தான் மூச்சிழுப்பார்கள். பாதி எரிந்த உணவைத் தேடிக் கரடி வரும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிப் பற்றவைப்பதைப் பற்றி நான் விவாதிக்கவே விரும்பவில்லை. வேண்டாம்.

அரிசோனாவில் வறட்சி ஏற ஏறத் தடைகள் படிப்படியாக வரும். முதல் நிலையில் வனத்துறை அமைத்த முகாம்களில், அவர்கள் வைத்த வளையத்துக்குள் மட்டும் தீ மூட்டலாம். இரண்டாம் நிலையில் அதுவும் கிடையாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு மட்டும். கிளம்பும் நாள் காலையில் அந்தக் காட்டின் நிலையைப் பாருங்கள். தடை இல்லாத நாளிலும் காற்று பலமாக அடித்தால் நாங்கள் மூட்டுவதில்லை. பிள்ளைகள் முகம் வாடும். அதற்கு ஒரு பேட்டரி விளக்கும் கதை சொல்லத் தெரிந்த ஒருவரும் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம். மேலே சொன்ன முறைகள் அங்கே அனுமதிச் சீட்டு ஆகாது. தனியார் எஸ்டேட்டுகளிலும் தங்கும் விடுதிகளிலும் மூட்டுகிற கேம்ப்ஃபயருக்குத்தான் இவை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்தத் தீ எப்படிப் பிறந்தது என்பது வேறு விஷயம். ஆனால் காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது என்பதை அந்த மலை காட்டியது. மாசியிலிருந்து சித்திரைவரை நம் மலைகளும் அரிசோனாவின் ஜூன் மாதத்தைப் போலத்தான்.

ஆல்பைன் ஊர்

வாலோவில் தப்பித்த ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆல்பைனைச் சுற்றி முந்தைய வருடங்களில் வனத்துறை நெருக்கமான இளமரங்களையும் அடிப்புதர்களையும் களைந்து, காட்டை இடைவெளி விட்டு வைத்திருந்தது. மரத்துக்கு மரம் உச்சியில் தாவி வந்த தீ அந்த இடைவெளிப் பகுதியை அடைந்ததும் தரைக்கு இறங்கியது. தரைத்தீயோடு தீயணைப்பாளர்களால் மல்லுக்கட்ட முடிந்தது, வீடுகள் நின்றன. தீக்குழியைச் சுற்றிப் பத்தடியைப் பெருக்குவதும் ஊரைச் சுற்றிக் காட்டைக் களைவதும் ஒரே கணக்குதான், அளவு மட்டும் வேறு.

அந்த ஜூன் காலையில் வுட்ஸ் கேனியனில் எங்கள் தீயை அணைக்க மூன்று வாளி பிடித்தது. அத்தை ஒவ்வொரு முறையும் புறங்கையை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு ஏரிக்கு நடந்தோம். போகிற வழியில் ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன முகாமிடங்களின் வளையங்களையும் அவள் விடவில்லை. முதல் இரண்டும் சில்லிட்டிருந்தன. மூன்றாவதில் தொடை அளவு கட்டை ஒன்று பாதி எரிந்து கிடந்தது. மேலே சாம்பல், பக்கத்தில் ஒரு அலுமினியத் தாள் உருண்டை. கையை வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

முகாம் பொறுப்பாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லும்படி பெரியவனை அனுப்பினேன். அவர் வண்டியில் மண்வெட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்துசேர்ந்தார். கட்டையைப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் முழுக்கச் செக்கச் சிவப்பாக இருந்தது. அந்த ஒரு கட்டைக்கு மட்டும் நாலு வாளி.